ரெண்டாவது தடவ கேளுங்க

வெள்ளகோவில்
10.06.2024

மதிப்பிற்குரிய நெறியாளர் யுஸ்ரா மேடம் அவர்களுக்கு,

சந்தியாகு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அமலியும் நலம். உங்கள் அத்தாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன தடவை சொன்ன தைலத்தைத் தேய்த்துப் பார்த்தாரா? உங்கள் வீட்டுக்காரர் ஆஸிம் தம்பியின் கடையில் வியாபாரம் பரவாயில்லையா?

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். அத்தா, அமலி, வெயில், மாம்பழம் எல்லாம் பேசினோம். வைத்த பிறகுதான், ஆய்வேட்டைப் பற்றிக் கேட்கவல்லவா கூப்பிட்டோம் என்று ஞாபகம் வந்தது. மறுபடி கூப்பிட்டால் நன்றாக இருக்காதே என்று விட்டுவிட்டேன்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தொலைநிலையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களில் நாங்கள்தான் கடைசியாம். எட்டு வருடமும் ஆயிற்று, தர வேண்டிய நீட்டிப்பெல்லாம் தந்தாயிற்று. வருகிற டிசம்பர் 31க்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. மறுபடி சேர்வதற்கு இனிமேல் அந்தப் படிப்பே கிடையாது. அவ்வளவுதான்.

நான் இதுவரை எதை முடித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்து பாதியில் வந்தேன். எம்.ஃபில். பாதி. வீட்டு மாடி பாதி. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, காக்காய்க்குத்தான் வசதி. வருகிற மே மாதத்தோடு பள்ளிக்கூட வேலையும் முடிகிறது. அதுவும் அரசாங்கம் முடித்து வைப்பது, நான் முடிப்பது இல்லை. அதனால் இந்த ஒன்றையாவது என் கையால் முடித்துவிட்டால் தேவலை என்று ஒரு ஆசை.

இரண்டு வருடத்துக்கு முன்பு பொங்கல் சமயத்தில் ஐந்தாம் இயலை அனுப்பியிருந்தேன். எங்கேயாவது கண்ணில் பட்டால், நேரம் இருந்தால், பாருங்கள். அவசரமில்லை.

இதைப் படித்துப் பார்த்த அமலி, "அவசரமில்லீங்கன்னு எழுதுனீங்கன்னா அந்தம்மா பரலோகத்துல போயித்தான் படிப்பாங்க" என்கிறாள். அவள் கிடக்கிறாள். நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
சந்தியாகு


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
22.06.2024

மதிப்பிற்குரிய சந்தியாகு சார் அவர்களுக்கு,

யுஸ்ரா எழுதுகிறேன். அத்தாவுக்குத் தைலம் கேட்கிறது. தொழுது துஆ கேட்கும்போது உங்களை நினைத்துக்கொள்கிறார்.

சார், எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐந்தாம் இயலை நீங்கள் அனுப்பிய மாதமே படித்துவிட்டேன். "அவசரமில்லை, முடிஞ்சப்பப் பாருங்க" என்று எழுதியிருந்தீர்கள். உடனே படித்துவிட்டேன் என்று சொன்னால் உங்களை விரட்டுவது போல இருக்குமே என்று பேசாமல் இருந்தேன். நீங்களாகக் கேட்பீர்கள், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்கவில்லை. வேறு வேலை இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பெயருக்கு நான் நெறியாளர். ஆனால் நீங்கள் என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். என் துறையில் மற்ற மாணவர்களை "எங்கப்பா சாப்டர்?" என்று கேட்டு விரட்டுகிறேன். உங்களை எப்படி அப்படிக் கேட்பது?

டிசம்பர் என்பது பெரிய விஷயம்தான், சார். ஒன்றும் பெரிதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐந்தாம் இயல் நன்றாகத்தான் இருக்கிறது. கொங்கு வீடுகளில் விருந்தாளி "வேண்டாங்க" என்று சொல்வதையும், வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சாப்பிட வைப்பதையும் இவ்வளவு நுட்பமாக யாரும் எழுதவில்லை. சாப்பாட்டு விவரங்கள் மிகவும் நிறைவு. படித்துவிட்டு எனக்கே பசித்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தீர்கள் என்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
யுஸ்ரா


வெள்ளகோவில்
16.07.2024

அன்புள்ள மேடம்,

உங்கள் கடிதத்தை நான் படித்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எட்டு வருடக் கனம் இறங்கியது.

நீங்கள் சொன்னபடி இன்னும் கொஞ்சம் பார்த்தேன். இரண்டு இடத்தில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டுவிட்டேன். என் சின்னம்மா வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தை அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். அது நியாயமில்லை என்று மேலே ஏற்றிவிட்டேன்.

காங்கேயத்தில் நல்ல பைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. கருநீல அட்டை, தங்க எழுத்து. மாதிரிக்கு ஒன்று செய்து காட்டினார்கள். "கொங்கு நாட்டு விருந்தில் மறுப்பும் வற்புறுத்தலும்" என்று என் பெயரோடு மின்னுகிறது. அமலி அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள். மாதிரி அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன்.

பங்குச்சாமியிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அறிவிப்பு வாசிக்கும்போது, "நம்ம சந்தியாகு வாத்தியார் டாக்டராகப் போறாரு" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் ஒரு பாட்டையா சர்க்கரைக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார். ஊரே சந்தோஷமாக இருக்கிறது, மேடம்.

நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடலாம். டிசம்பர் வரை எதற்கு?

நன்றியுடன்,
சந்தியாகு


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
02.08.2024

சந்தியாகு சார் அவர்களுக்கு,

இது நான்காவது தடவையாக எழுதும் கடிதம். முதல் மூன்றிலும் "நன்றாகத்தான் இருக்கிறது" என்றே ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அவரு தங்க எழுத்துல அடிச்சு வெச்சுட்டாரு. இன்னும் நன்றாகத்தான் நன்றாகத்தான்னு இருந்தீன்னா அந்த மனுசன் மோசம் போயிருவாரு. இப்பவே சொல்லிப்போடு" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

முடியாது, சார். ஐந்தாம் இயல் தேறாது. இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எழுபது பக்கத்திலும் நீங்கள் சாப்பிட்டதுதான் இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை தடவை "வேண்டாங்க" சொன்னீர்கள், அவர்கள் எப்படி மறுபடியும் கேட்டார்கள், கடைசியில் என்ன போட்டார்கள். நீங்கள் வாத்தியார், நாலு பேருக்குத் தெரிந்தவர். உங்களை எல்லோரும் இரண்டாம் தடவை கேட்பார்கள். கேட்கப்படாதவர்கள் எங்கே?

நான் கல்லூரியில் படிக்கும்போது சாய்ப்ரியா என்ற தோழியின் கல்யாணத்துக்கு அவிநாசி போயிருந்தேன். இலையில் ஒப்பிட்டு, அதுதான் பருப்புப் போளி, வைக்க வந்தார்கள். எல்லோரும் சொல்வது போல நானும் "வேண்டாங்க" என்றேன். அவர்கள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்கள். அந்த இலையில் இருந்த மாப்பிள்ளை வீட்டு அம்மாவிடம் மூன்று தடவை கெஞ்சினார்கள். எனக்கு ஒப்பிட்டு என்றால் உயிர். இன்றைக்கும் அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போனது கண்ணில் நிற்கிறது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அதனால்தான் அது ஆராய வேண்டிய விஷயம்.

யாரை இரண்டாம் தடவை கேட்கிறோம், யாரைக் கேட்பதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த ஆய்வேடு வெறும் பந்தி. பைண்டிங் கடைக்குப் போகாதீர்கள். டிசம்பருக்குள் புதிதாக எழுதுங்கள்.

முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கப்போவதில்லை.

யுஸ்ரா


வெள்ளகோவில்
19.08.2024

மேடம்,

பதில் தாமதம். ஒரு வாரம் எனக்குக் கோபம். எழுபது பக்கம் எழுதியவனைப் பார்த்துப் பந்தி என்று சொல்லிவிட்டீர்களே என்று சோறு இறங்கவில்லை. மாதிரி அட்டையைப் பீரோவுக்கு மேலே, என் கண்ணில் படாத இடத்தில் அமலி தூக்கி வைத்துவிட்டாள். பங்குச்சாமியைப் பார்த்தால் சந்து வழியாகப் போனேன்.

அப்புறம் அமலி உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், எனக்கு எரிந்தது. "ஏனுங்க, எட்டு வருசமா ஊர் ஊராப் போயி, முடியாதுன்னு நேராச் சொல்ற ஒரு ஆளு இந்தச் சீமையில இருக்குதான்னு தேடுனீங்களே. இந்தா, வந்திருக்குது. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு ஒக்காந்திருக்கறீங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரேன் என்றவர்கள் வரமாட்டார்கள், பாக்கலாங்க என்றவர்கள் பார்க்கமாட்டார்கள், இப்படி நூற்றுக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொன்ன ஒருவர் கூட இல்லை. முதல் ஆதாரம் உங்கள் கடிதம். அதை ஆய்வேட்டில் சேர்க்க அனுமதி வேண்டும். பெயர் போட மாட்டேன்.

கேள்விக்கும் வருகிறேன். மறுநாளே பல்லடம் போனேன். என் பழைய மாணவனுக்கு அங்கே தறிக்கூடம் இருக்கிறது. என்னைக் கண்டதும் டீ. வேண்டாங்க என்றேன். அவன் விடவில்லை, மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டேன். அங்கே தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் அம்மா ஒருவர், பெயர் முத்தாத்தாள். டீத் தட்டு அவரிடம் போனது. "வேண்டாங்" என்றார். தட்டு திரும்பி வந்துவிட்டது. எட்டு வருடமாக இதே தட்டுகளைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், மேடம். திரும்பி வந்த தட்டை மட்டும் பார்க்கவில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஏனுங்க, டீ பிடிக்காதுங்களா?" என்று கேட்டேன். சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: "பிடிக்கறதுக்கென்னங்க. மொதத் தடவ கேட்டா வேண்டாம்னு சொல்றதுதானுங்களே மொறை. ரெண்டாவது தடவ ஆரும் கேட்டதில்லீங்க."

"நாங் கேக்கறனுங்க, குடிக்கறீங்களா?" என்றேன். "இப்பக் கேக்கறீங்க. ஆறிப் போச்சு" என்று சிரித்தார். புது டீ வாங்கி வந்தோம். குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு சொன்னார்.

பழைய எழுபது பக்கத்தைக் கட்டி அட்டாலிப் பரணில் போட்டுவிட்டேன். டிசம்பருக்குள் முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் இந்தத் தடவை அவசரம் என்று எழுதுகிறேன். அவசரம், மேடம்.

சந்தியாகு


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
28.10.2024

சார்,

புது ஐந்தாம் இயலின் முதல் பாதி கிடைத்தது. இரவே படித்தேன், உடனே எழுதுகிறேன். எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள் நமக்கு.

முத்தாத்தாள் வரும் பகுதி அருமை. அதை மாற்றாதீர்கள். கோழிப்பண்ணை ஆட்கள், மருமகள்கள், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள், எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் ஒதுங்கி நின்று கேட்கிறீர்கள். இப்போதுதான் ஆய்வு.

வெட்ட வேண்டியவை: வெள்ளகோவில் சந்தையின் வரலாறு வேண்டாம். உங்கள் குருமட நாட்கள் வேண்டாம். சின்னம்மா வீட்டு அரிசிம்பருப்பு மறுபடியும் எப்படியோ உள்ளே நுழைந்திருக்கிறது. வெளியே அனுப்புங்கள்.

என் கடிதத்தைச் சேர்க்கச் சம்மதம். பெயர் வேண்டாம்.

மிச்சம் எப்போது? நான் கேட்கிறேன், பாருங்கள்.

யுஸ்ரா


வெள்ளகோவில்
09.11.2024

மேடம்,

சந்தை போயிற்று. குருமடமும் போயிற்று. அரிசிம்பருப்பை வெட்ட மாட்டேன். முடியாது. இதோ, எனக்கும் வந்துவிட்டது.

காரணம் சொல்கிறேன். போன வாரம் சின்னம்மா வீட்டுக்குப் போய், அந்த அரிசிம்பருப்பை ஆக்கியது யார் என்று கேட்டேன். இத்தனை நாள் சின்னம்மாதான் என்று நினைத்திருந்தேன். சமைத்தது பங்காரம்மா என்ற அம்மா. இருபது வருடமாக அங்கே சமைக்கிறாராம். நான் ஒரு நாளும் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டதில்லை. இப்போது அந்தப் பக்கம் அவருடையது. படித்துவிட்டுச் சொல்லுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் நேராகச் சொல்லுங்கள், சண்டை போடலாம்.

மிச்சம் இத்துடன் இருக்கிறது. அமலி தட்டச்சுப் பிழை பார்த்தாள். எனக்கு இருபது வருடமாகத் தெரியாத ஒன்று தெரிந்தது. என் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற ஆளை நானும் ஒரு தடவைதான் கேட்கிறேன். அதை எழுதவில்லை. வீட்டிலேயே சரி செய்துகொண்டிருக்கிறேன். அவள், "போதுங்க, மூணாவது தடவ கேட்டீங்கன்னா சோத்தத் தலையில கொட்டிப்போடுவேன்" என்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

சந்தியாகு


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
20.11.2024

சார்,

பங்காரம்மா இருக்கட்டும். நீங்கள் ஜெயித்தீர்கள்.

எல்லாப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். டிசம்பர் கடைசியில் நான் ஊரில் இருக்க மாட்டேன். தங்கை மெஹராஜுக்குப் பிரசவ நேரம், மதுரையில் இருப்பேன். நீங்களே போய்க் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பைண்டிங் கடைக்குப் போகலாம்.

யுஸ்ரா


வெள்ளகோவில்
31.12.2024

யுஸ்ரா மேடம்,

கொடுத்தாயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாள் வேண்டாம் என்றீர்கள். கிறிஸ்துமஸ், கேக், விருந்தாளிகள் என்று நேற்றுத்தான் கிளம்ப முடிந்தது. அமலியும் வந்தாள். பஸ்ஸில் இரண்டு பேர் மடியிலும் ஆய்வேடு. கண்டக்டர், "பாப்பாவுக்கு டிக்கெட் வேண்டாமுங்களா?" என்றார்.

ஆய்வுப் பிரிவில் போய் நின்றபோது மதியம் தாண்டிவிட்டது. அங்கே இருந்தவர் நல்ல மனுஷன். "உக்காருங்க சார்" என்று நாற்காலி போட்டார். கணினி மெதுவாக ஓடுகிறதாம். "நாளைக்குக் காலையில வந்தீங்கன்னா நெதானமாப் பாத்துக்கலாங்க" என்றார். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்துவிட்டேன். சரிங்க என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த அமலி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். குருமடம், எம்.ஃபில்., மாடிக் கம்பி எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"முடியாதுங்க" என்றேன். "இன்னைக்கே வாங்கிக்கோணும். வாங்கற வரைக்கும் நான் போகமாட்டேனுங்க."

என் குரலா என்று எனக்கே சந்தேகம். அவர் கோபப்படவில்லை. "அப்படிச் சொல்லுங்க சார்" என்று சிரித்துவிட்டுக் கணினியைத் தட்ட ஆரம்பித்தார். இருட்டும் முன்பே முத்திரை வைத்த ரசீது கையில் வந்துவிட்டது. நாங்கள் கொண்டுபோன கேக்கைக் கொடுத்தோம். வேண்டாங்க என்றார். அமலி இரண்டாம் தடவை கேட்டாள். எடுத்துக்கொண்டார்.

மெஹராஜுக்கு என்ன குழந்தை? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

சந்தியாகு


கோட்டைமேடு, கோயம்புத்தூர்
12.04.2025

அன்புள்ள முனைவர் சந்தியாகு அவர்களுக்கு,

இப்படி எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் கடைசியாக உங்களை வெளியே போகச் சொன்னார்களே, அப்போது உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. வராந்தாவில் நீங்கள் அங்கும் இங்கும் நடப்பது கதவுக்கு அடியில் தெரிந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

திருநெல்வேலியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, "இத்தன மறுப்புல நேரா முடியாதுன்னு சொன்னது இந்த ஒரு கடிதந்தான். பேரு இல்ல. யாரு எழுதுனதும்மா?" என்று கேட்டார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நாந்தான் சார்" என்றேன். "எங்க ஊருன்னா மொத நாளே சொல்லிருப்போம். ஒங்களுக்கு எத்தன வருசம் ஆச்சு?" என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "அந்த ஒரு கடிதம் இல்லன்னா இந்த ஆய்வேடு இல்ல" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் நகலில் இருக்கிறது, பாருங்கள்.

சார், எனக்கு மிகவும் சந்தோஷம். அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு அன்றைக்கு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன், ஒரு பெரிய மனுஷரைப் புண்படுத்திவிட்டோமே என்று. இப்போது சொல்கிறேன், நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான்.

உங்களுக்குத் தவக்காலம், கறி சாப்பிட மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் ஈஸ்டர் முடிந்து, 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம், நீங்களும் அமலி அக்காவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அத்தாவே நின்று பிரியாணி ஆக்குகிறார். மெஹராஜும் மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

வருவீர்களா?

யுஸ்ரா


வெள்ளகோவில்
16.04.2025

அன்புள்ள யுஸ்ரா அம்மணிக்கு,

வாரோமுங்க. நீங்கள் இரண்டாம் தடவை கேட்க வேண்டாம்.

அமலி ஒப்பிட்டு சுட்டு எடுத்து வருகிறாள். அது உங்களுக்கு மட்டும். அவிநாசியில் தாண்டிப் போன தட்டு இப்போதாவது வந்து சேரட்டும் என்கிறாள். வேண்டாங்க என்று தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

மாடிக் கம்பியைப் பார்க்க நேற்று மேஸ்திரி வந்துவிட்டுப் போனார். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். போகும் வழியில் பல்லடத்தில் இறங்கி முத்தாத்தாளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன். அந்தப் பட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு. வரக் கூச்சப்பட்டார், மறுபடி கேட்டதும் சரி என்றார். ஆனால் இலையில் உட்கார்ந்ததும் பிரியாணியைப் பார்த்து வேண்டாங் என்பார்.

அவரை மட்டும் ரெண்டாவது தடவை கேளுங்க.

சந்தியாகு